யார் வாசிக்கிறார்கள்? பெங்களூரிலிருந்து பியானோக் கலைஞர்களைத் தேடும் வழிகள்

1940-களின் பிற்பகுதியில் லண்டனின் வடபகுதியில் ஒரு ரஷ்யப் பியானோக் கலைஞர் முதுமையோடும் இதய நோயோடும் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். நிகோலாய் மெட்னர் என்பது அவர் பெயர். 1880-ல் மாஸ்கோவில் பிறந்தவர், இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் நெருங்கிய நண்பர். அவர் எழுதிய எல்லாப் படைப்புகளிலும் பியானோ உண்டு. பியானோவை விட்டு அவர் ஒன்றும் எழுதியதில்லை. ஜெர்மானியப் பதிப்பகத்திலிருந்து வந்துகொண்டிருந்த வருமானம் இரண்டாம் உலகப் போரோடு நின்றுபோயிற்று. புதுமையைத் தேடிக்கொண்டிருந்த காலத்துக்கு அவருடைய இசை பழையதாகப் பட்டது.

அவருக்குக் கைகொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். 1940-ல் 21 வயதில் பட்டத்துக்கு வந்த உடையார் முறையாகப் பியானோ பயின்றவர். 1945-ல் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி அவருக்குக் கௌரவ ஃபெலோஷிப் அளித்தது. கர்நாடக சங்கீதத்தில் 94 கிருதிகளை இயற்றியவரும் அவர்தான். பின்னாளில் மதராஸ் மாநிலத்தின் ஆளுநராக இருந்ததால் தமிழர்களுக்கும் அவரைத் தெரியும். அவர் கொடுத்த பணத்தில் மெட்னர் சங்கம் உருவானது. எச்.எம்.வி. நிறுவனம் மெட்னரையே பியானோவின் முன் உட்காரவைத்து அவருடைய மூன்று கான்செர்ட்டோக்களையும் சொனாட்டாக்கள், பாடல்கள், சிறு படைப்புகள் பலவற்றையும் இசைத்தட்டில் பதிந்தது. 1951-ல் மெட்னர் இறந்தார். அவருடைய மூன்றாவது கான்செர்ட்டோ மைசூர் மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பதிவுகள் இல்லாமல் போயிருந்தால் மெட்னர் எப்படி வாசித்தார் என்பதை நாம் இவ்வளவு விரிவாக அறிந்திருக்க முடியாது. இசைக்கூடங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு கலைஞரை, பல ஆயிரம் மைல் தள்ளி வாழ்ந்த ஒரு ரசிகர் பெயர் சொல்லித் தேடி, கேட்டு, பணம் கொடுத்து, பதிவும் செய்யவைத்தார். இன்று பெங்களூரில் இருக்கும் ஒருவர், பெரிய நிறுவனத்தின் தயவில்லாமல் தானே வாசித்து, தானே பதிந்து, தானே வெளியிடும் ஒரு பியானோக் கலைஞரைக் கண்டடைய வேண்டுமானால் என்ன வழி? அந்த வழிகளில் எது உண்மையில் கலைஞரிடம் கொண்டுசேர்க்கிறது, எது பாதியில் விட்டுவிடுகிறது? உடையார் செய்த நான்கு காரியங்களில் இணையம் எவற்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, எவற்றைக் கைவிட்டது என்று பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. 1809-ல் கன்டோன்மென்ட் அமைந்ததிலிருந்து பெங்களூரில் மேற்கத்திய இசைக்கு இருப்பிடம் உண்டு: தேவாலயம், கான்வென்ட், ராணுவ பேண்டு, கிளப். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரின் மிதமான தட்பவெப்பம், மர உடலும் இருநூற்றுச் சொச்சம் கம்பிகளும் கொண்ட பியானோவுக்குச் சென்னையின் கடற்காற்றைவிட நல்லது. அருணா சுந்தர்லால் 1987-ல் தொடங்கிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் ஆர்.டி. நகரில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியிருக்கிறது. மஜோலி மியூசிக் டிரஸ்ட் வழியாகப் பியானோக் கலைஞர் நீசியா மஜோலி கற்பித்தும் கச்சேரிகள் நடத்தியும் வருகிறார். இவற்றுக்கு அப்பால் தெருவுக்குத் தெரு தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கல்வியின் முதுகெலும்பு கிரேடு எக்ஸாம். தேர்வை நடத்துவது டிரினிட்டியோ ஏபிஆர்எஸ்எம்மோ, எதுவானாலும் பெரும்பாலும் ஒரு கிரேடுக்கு மூன்று படைப்புகள், ஸ்கேல்கள், பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, காதால் கேட்டுச் சொல்வது என்று பாடத்திட்டம் ஓடுகிறது. ஒழுங்கான விரல்களை இந்த முறை உருவாக்குகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் எட்டு வருடம் படித்த பிள்ளையிடம் இப்போது உயிரோடு இருக்கும் பியானோக் கலைஞர்களில் ஐந்து பேரைச் சொல் என்று கேட்டால் திணறும். பரீட்சைக்கு வாசிப்பவருக்குப் பிறர் வாசிப்பதைத் தேடிக் கேட்க நேரமும் இல்லை, காரணமும் இல்லை. பியானோ வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் பியானோ கேட்கும் கூட்டம் சிறியதாக இருப்பதற்கு முதல் காரணம் இது என்பது என் கணிப்பு.

அந்தக் குறையை ஈடுசெய்யும் வேலையைத்தான் இணையக் குழுக்கள் செய்தன. தொடக்கத்தில் அவை பதிவுகளைக் காட்டிலும் நோட்டேஷனைச் சுற்றியே கூடின. எட்வர்ட் குவோ என்ற இசை மாணவர் 2006-ல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி நூலகம், காப்புரிமை முடிந்த இசைப் படிகளை வருடி எடுத்து இலவசமாகக் கொடுத்தது. 2007 அக்டோபரில் வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் அனுப்பிய வழக்கறிஞர் கடிதத்தால் அது மூடப்பட்டது. 2008 ஜூன் கடைசியில் மீண்டும் திறந்தது. நோட்டேஷன் கையில் கிடைத்ததும் அடுத்த காரியம் நடந்தது. யாரோ ஒருவர் ஒரு பழைய பதிவை எடுத்து, அதற்கேற்ப நோட்டேஷன் பக்கங்கள் திரையில் நகரும்படி அமைத்து யூடியூபில் ஏற்றுவார். கீழே நூறு பேர் எந்தப் பக்கத்தில் எந்தச் சுரச்சேர்க்கை தங்களை உலுக்கியது என்று எழுதுவார்கள். பதிவு கிடைக்காத படைப்பாக இருந்தால் யாராவது ஒருவர் தானே வாசித்து ஏற்றுவார். மறக்கப்பட்ட பல பேருக்கு இப்படித்தான் புதிய காதுகள் கிடைத்தன. மெட்னரும் அவர்களில் ஒருவர். 1990-களில் ஆம்லன் போன்ற பியானோக் கலைஞர்கள் அவருடைய சொனாட்டாக்களை முழுமையாகப் பதிந்து தந்த அடித்தளத்தின் மேல், இணையத்துப் பியானோ ரசிகர்கள் அவரைத் தங்களுக்கு வேண்டியவராகவே வரித்துக்கொண்டார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை; ஆகவே 2012 முதல் மெட்னரின் இசை இங்கே பொதுச்சொத்து. மைசூர் பணத்தில் பதிவான கலைஞரின் நோட்டேஷனை மைசூர்க்காரர் ஒருவர் இன்று காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

வாசிப்பவர் நேராகக் கேட்பவரிடம் வந்துசேர்ந்த கதைகளில் பிரபலமானது வாலன்டினா லிசிட்சாவுடையது. உக்ரைனில் பிறந்த அவர், கச்சேரி வாய்ப்புகள் வறண்டிருந்த காலத்தில் தன் வாசிப்பை யூடியூபில் ஏற்றத் தொடங்கினார். பார்வையாளர்கள் பெருகி, 2012 ஜூனில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார். அந்த வரிசையில் நம் ஊர்ப் பிள்ளை சென்னையின் லிடியன் நாதஸ்வரம். 2019-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிப் போட்டியில் 10 லட்சம் டாலர் பரிசை வென்றார். மணிவண்டு பறக்கும் வேகத்தைக் காட்டும் ரிம்ஸ்கி-கோர்சகோவின் படைப்பை நிமிடத்துக்கு 325 தட்டு என்ற வேகத்தில் அவர் வாசித்த காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தச் சிறுவனின் திறமை எனக்கு வியப்பளிக்கிறது. ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அவருடைய அடுத்த ஒரு மணி நேர வாசிப்பைத் தேடிப் போனார்கள் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியவில்லை. வேகம் ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அவருடைய இசையோடு பழக வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றைக் குழுக்களே தருகின்றன. ரெட்டிட்டின் பியானோப் பிரிவிலும், அதைவிடப் பழைய பியானோ வேர்ல்டு போன்ற இணைய மன்றங்களிலும் நடப்பதைக் கவனித்தால் ஒரு முறை தெரியும். வயது வந்தபின் கற்கத் தொடங்கியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு பதிவு அனுப்ப, எல்லோரும் எல்லோருடையதையும் கேட்டு எழுதும் வழக்கம் பியானோ வேர்ல்டில் உண்டு. தடுமாற்றத்தோடு வாசித்தவரையும் முழுவதும் கேட்டுவிட்டு எழுதுகிறார்கள். இப்படிக் கேட்டுப் பழகியவர் ஒரு பெயரைப் பரிந்துரைத்தால் அதற்கு எடை இருக்கிறது. அவருடைய ரசனை மற்றவர்களுக்குத் தெரியும். எதைக் கேட்டு எதைச் சொல்கிறார் என்பதும் தெரியும். சபாவில் பக்கத்து நாற்காலிப் பெரியவர் இந்தப் பையனை விடாமல் கேள் என்று சொல்வதற்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடு இல்லை.

கூட்டாகப் பணம் போட்டுப் பதிவுசெய்யும் பழக்கமும் இங்கே திரும்பிவந்தது. திரும்பிவந்தது என்று சொல்லக் காரணம் உண்டு. 1931-லேயே எச்.எம்.வி.யில் வால்டர் லெக் என்ற இளைஞர், ஹ்யூகோ வோல்ஃபின் பாடல்களைப் பதிய 500 சந்தாதாரர்களை முன்பணம் கட்டவைத்துச் சங்கம் அமைத்தார். மெட்னர் சங்கம் அந்த மரபில் வந்தது. 500 பேருக்குப் பதில் அங்கே ஒரு மகாராஜா. 2012-ல் வெளிவந்த கிமிகோ இஷிசாகாவின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் பதிவுக்குக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். பாக்கின் இந்தப் படைப்புக்கு மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் புதிய நோட்டேஷன் தயாரித்து, பலரும் திருத்தி, பதிவையும் நோட்டேஷனையும் யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று உரிமை துறந்து வெளியிட்டார்கள். பெங்களூரின் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் அதைப் பின்னணியில் ஒலிக்கவிட்டாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

சட்டப்படி வேண்டாம், இயந்திரம் அப்படி விடுவதில்லை. 2018 செப்டம்பரில் பிரிட்டிஷ் பியானோக் கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தன் வீட்டில் பாக்கை வாசித்து ஃபேஸ்புக்கில் போட்ட சிறு காணொளியை, சோனி நிறுவனத்துக்குச் சொந்தமான ஒலி அதில் இருக்கிறது என்று தானியங்கி முறை கண்டறிந்து 47 விநாடிகளை மௌனமாக்கியது. பாக் இறந்தது 1750-ல். ஒரே நோட்டேஷனை இரண்டு பேர் நன்றாக வாசித்தால் அந்த முறைக்கு இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பெயர் பெற்ற ரோட்ஸ் குரல் எழுப்பியதும் தவறு திருத்தப்பட்டது. பெயரில்லாதவர்களின் குரல் அவ்வளவு தூரம் போவதில்லை.

இப்போது, இன்று பெரும்பாலானவர்கள் பியானோ கேட்கும் இடத்துக்கு வர வேண்டும். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரி கடைசியில். படிக்க, தூங்க, மழைக்கு, வேலை செய்ய என்று அதில் பியானோப் பட்டியல்கள் நிறைந்திருக்கின்றன. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு அவை ஆறுதல். அந்தத் தேவையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் வாசிப்பவர் யார்? 2024 மார்ச்சில் ஸ்வீடனின் டாகென்ஸ் நிஹேட்டர் நாளிதழ் ஒரு விடை சொன்னது. யோஹான் ரோர் என்ற ஒரே இசையமைப்பாளர் 650-க்கும் மேற்பட்ட புனைபெயர்களில் இசை வெளியிட்டிருக்கிறார். அவை சுமார் 1500 கோடி முறை ஒலித்திருக்கின்றன. அவற்றில் பல, ஸ்பாட்டிஃபையே தொகுக்கும் மென்மையான வாத்திய இசைப் பட்டியல்களில் இடம்பெற்றவை. அமெரிக்கப் பத்திரிகையாளர் லிஸ் பெல்லி, குறைந்த செலவில் வாங்கிய இப்படிப்பட்ட இசையால் பட்டியல்களை நிரப்பும் திட்டம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது என்று 2024 டிசம்பரில் விரிவாக எழுதினார். பத்துப் பெயரைக் கேட்டு ரசித்தோம் என்று நினைக்கும் ஒருவர் ஒரே ஆளைக் கேட்டிருக்கக்கூடும். அந்த ஆளின் பெயரும் அவருக்குத் தெரிந்திராது.

இதனால் சுயாதீனக் கலைஞர் இழப்பது இடத்தை மட்டும் என்று கொள்ள முடியாது. 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு ஸ்பாட்டிஃபை பதிவுக்கான ராயல்டி தருவதில்லை. பெங்களூரில் ஒருவர் தன் பியானோத் தொகுப்பின் பத்துத் துண்டுகளை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் 800 முறை ஆர்வத்தோடு கேட்டார்கள் என்றால், 8000 முறை கேட்கப்பட்டும் கைக்கு வருவது ஒன்றுமில்லை. இதன் மேல் செயற்கை நுண்ணறிவு செய்து தள்ளும் இசையும் சேர்ந்துகொண்டது. 2025 ஏப்ரலில் பிரான்சின் டீசர் நிறுவனம், தன்னிடம் நாள்தோறும் வந்துசேரும் புதிய பாடல்களில் 18 சதவீதம் முழுக்க இயந்திரம் உண்டாக்கியவை என்று அறிவித்தது. சொற்கள் இல்லாத மெதுவான பியானோதான் இயந்திரத்துக்கு எளிதில் கைவரும் வகைகளில் ஒன்று. மனநிலைக்குப் பியானோ கேட்கும் பழக்கம், வாசிப்பவரின் பெயரைக் கேட்காமலிருக்க நம்மைப் பயிற்றுவித்துவிட்டது. அந்தப் பயிற்சியைத்தான் இயந்திரம் பயன்படுத்திக்கொள்கிறது.

இந்தியக் காதுக்கு இதில் தனியான ஒரு கேள்வி இருக்கிறது. இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன். பியானோவில் கமகம் வராது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம். அதை அசைக்கவோ இழுக்கவோ முடியாது. தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை என்பது தெரிந்த ரசிகருக்குப் பியானோவில் தோடி கேட்பது வேதனை. இதே வாதத்தின் பேரில் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தள்ளியே வைத்திருந்தது. ஆனால் மேற்கத்திய மெட்டும் நம் இசையும் சந்தித்த வரலாறு அதைவிடப் பழையது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்யம் அமைத்த நோட்டுஸ்வரங்கள் ஏறக்குறைய 40 இருக்கின்றன. அவை பியானோவில் உட்காரும்போது எந்த உரசலும் இல்லை.

நோட்டுஸ்வரத்தைத் தாண்டி ராகத்துக்குள் போக விரும்பியவர்கள் ஆளுக்கொரு வழி கண்டார்கள். கொல்கத்தாவின் வி. பல்சாரா பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்திய மெட்டுகளைப் பியானோவில் பழக்கினார். சென்னையின் அனில் ஸ்ரீனிவாசன், சிக்கில் குருசரணோடு சேர்ந்தபோது கமகத்தைப் பாடகரிடம் விட்டுவிட்டார். பியானோ சுற்றிலும் சுரச்சேர்க்கைகளையும் இடைவெளிகளையும் வைத்து ராகத்துக்கு ஒரு வெளியை அமைக்கிறது. கே. சத்யநாராயணன் மின் கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரத்தை ஒரு கையால் இயக்கி, மறு கையால் வாசித்து, கமகத்தையே கொண்டுவந்துவிட்டார். உத்சவ் லால், பிரிட்டனின் ஜெஃப் ஸ்மித் உருவாக்கிய ஃப்ளூயிட் பியானோவை எடுத்துக்கொண்டார். அதில் ஒவ்வொரு சுரத்தின் சுருதியையும் நழுவுகட்டையால் வாசிக்கும்போதே மாற்றலாம். அதில் அவர் தனியாக வாசித்த ஹிந்துஸ்தானி இசை 2016-ல் ஆல்பமாக வந்தது. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர் சுரத்தின் வழியே போகாமல் லயத்தின் வழியே போனார். அவருடைய இடது கையில் மிருதங்கக் கணக்குகள் கேட்கும். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர் அவர்.

இந்த வேறுபாடுகள் தெரிந்தவருக்கு இணையத்தில் தேடுவது சுகமான வேலை. தெரியாதவருக்கு எல்லாம் ஒன்றாகவே ஒலிக்கும். ராகம், பியானோ என்று இரண்டு சொற்களைத் தட்டினால் முதலில் வருபவை பெரும்பாலும் சினிமாப் பாட்டுகள்தான். சினிமாப் பாட்டை வாசித்துத்தான் ஓர் இளம் கலைஞர் கண்ணில் படுகிறார். அதன் விளம்பர வருமானம் பெரும்பாலும் பாட்டின் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்குப் போகிறது. தன் சொந்தப் படைப்பைப் போட்டால் பார்வை விழுந்துவிடுகிறது. இதை நான் பார்த்த ஒவ்வொரு பக்கத்திலும் பார்க்கிறேன். ரசிகர் சினிமாப் பாட்டைக் கேட்டதோடு நிற்காமல் அந்தப் பக்கத்தின் அடியில் கிடக்கும் ஒரு சொந்த மெட்டையும் கேட்டால், அந்தக் கலைஞருக்கு அது பெரிய வேறுபாடு.

தமிழர்கள் இந்த வேலையில் புதியவர்கள் அல்லர். இணையம் பரவத் தொடங்கிய 1990-களின் இறுதியிலேயே டிஎஃப்எம் பேஜ் என்ற பக்கத்திலும் இளையராஜா ரசிகர்களின் மின்னஞ்சல் குழுவிலும் தமிழ்த் திரையிசையை அக்கக்காகப் பிரித்துப் பேசியவர்கள் இருந்தார்கள். படத்தின் டைட்டில் அட்டையிலோ கேசட் உறையிலோ வாத்தியக்காரர்களின் பெயர் வருவது அபூர்வம். இந்த இடையிசையில் பியானோ யார், அந்தக் கீபோர்டு யார் என்று கேள்வி எழுப்பி, ரெக்கார்டிங் தியேட்டர்களோடு தொடர்புள்ளவர்களை விசாரித்து, பெயர்களைச் சேகரித்தார்கள். இளையராஜாவின் குழுவில் கீபோர்டும் பியானோவும் வாசித்த விஜி மேனுவலின் பெயர் இசைத்துறைக்கு வெளியே பலருக்கும் தெரியவந்தது இப்படிப்பட்ட உரையாடல்களால்தான். பல்லாயிரம் முறை கேட்ட விரல்களுக்குப் பெயர் கிடைத்த கணம் அது. நான் அறிந்தவரை, தமிழில் இணையக் குழு ஒன்று பியானோக் கலைஞருக்குச் செய்த சிறந்த சேவை அதுவே.

பெங்களூரில் இன்று தேடுபவர் எங்கே தொடங்கலாம்? அமன் மகாஜன் இங்கே இருந்து ஜாஸ் வாசிப்பவர். 2019-ல் அவருடைய ரெஃப்யூஜ் என்ற தனிப் பியானோ ஆல்பம் வந்தது. ஒரே ஆள், ஒரே வாத்தியம், பின்னால் தாளம் இல்லை. பட்டியல் பியானோவுக்குப் பழகிய காதை இது முதலில் அலைக்கழிக்கும். மூன்றாம் முறை கேட்கும்போது எங்கே மூச்சு விடுகிறார் என்று புரியும். பெங்களூரிலிருந்து வெளிநாடு போன ஷரிக் ஹசனும் ஜாஸ் உலகில் வாசிக்கிறார். நத்தானியல் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கின் ஜேசன் ஸாக், தன் பாடக் காணொளிகளால் இந்த ஊரிலிருந்து உலகெங்கும் மாணவர்களைப் பெற்றவர். அவர் பாடத்தின் கீழே கேள்வி கேட்பவர்களின் பக்கங்களுக்குள் போய்ப் பார்த்தால் அவர்களிலும் தங்கள் சொந்த மெட்டை ஏற்றியவர்கள் தென்படுவார்கள். ஆண்டின் 88-ஆம் நாளை, பியானோவின் 88 கட்டைகளை முன்னிட்டு, நில்ஸ் ஃப்ராம் என்ற ஜெர்மானியக் கலைஞர் 2015-ல் பியானோ தினமாக்கினார். மார்ச் 29, லீப் ஆண்டில் மார்ச் 28. அந்த நாளில் உலகம் முழுக்கப் புதிய வெளியீடுகளும் சிறு கச்சேரிகளும் வரும். தேடலைத் தொடங்க அது நல்ல நாள்.

கண்டுபிடித்தபின் பணம் கொடுப்பது இன்னொரு பாடு. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தையும் பணப் பரிமாற்றக் கட்டணத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞருக்குத் தரும் பேண்ட்கேம்ப், சுயாதீனப் பியானோவின் சிறந்த சந்தை. 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில், குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கும் வழக்கத்தை அது தொடங்கியது. ஆனால் அந்தத் தளம் பேபாலைச் சார்ந்து வளர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டது. ஜெர்மனியிலிருக்கும் ரசிகர் பெங்களூர்க் கலைஞரின் ஆல்பத்தை வாங்கலாம். அடுத்த தெரு ரசிகருக்குச் சிக்கல். அதே ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும் வெளிநாட்டுச் சந்தாக்களும் தடுமாறின. பேட்ரியான் என்ற சந்தாத் தளம் வழியாக ஆதரவு பெற்றவர்கள் அதை உணர்ந்தார்கள். உள்ளூரில் யுபிஐ இவ்வளவு எளிதாக இருக்கும்போது, கலைஞர் தன் பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீட்டைப் போட்டு, பணம் வந்ததும் இசைக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவது இன்றைக்குச் சிறந்த ஏற்பாடு. ஆல்பம் ஒன்றுக்கு 200 ரூபாய் என்று 300 பேர் கொடுத்தால் 60,000 ரூபாய்; ஸ்டுடியோ வாடகைக்கும் ட்யூனருக்கும் அது ஒரு தொடக்கம்.

நேரில் கேட்கும் வாய்ப்புகளும் இருக்கின்றன. டொம்லூரில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர், வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ், வசந்தநகரில் அலியான்ஸ் பிரான்சேஸ், இந்திராநகரில் மாக்ஸ் முல்லர் பவன் ஆகியவற்றின் நிகழ்ச்சி நிரலைக் கவனித்துவந்தால் பியானோ அவ்வப்போது எட்டிப்பார்க்கும். வீட்டுக் கூடங்களில் நாற்பது பேரை உட்காரவைத்து நடத்தும் சிறு கச்சேரிகளுக்கான அழைப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நல்ல நிலையில் ட்யூன் செய்து வைத்த அகௌஸ்டிக் பியானோ உள்ள மேடை இந்த ஊரில் குறைவு. பல நிகழ்ச்சிகளில் டிஜிட்டல் பியானோதான். அதனால் ஒருவரின் தொடுகையை முழுமையாக அறிய, அவர் நல்ல பியானோவில் பதிந்த ஒலிப்பதிவையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

கடைசியாக, யாரும் தேடாத ஓர் இடம் இருக்கிறது. அல்சூர், ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் பகுதிகளின் தேவாலயங்களில் நடக்கும் தமிழ் ஆராதனைகளில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிப்பவர்கள். பாமாலைப் பாட்டுக்கு நான்கு குரல் ஹார்மனியும், கீர்த்தனைக்கு ராகத்தின் சாயலும், சபை சுருதி இறங்கினால் அந்தக் கணமே சுருதி மாற்றமும் செய்யத் தெரிந்தவர்கள். காணிக்கை எடுக்கும் நேரத்தில் மூன்று நிமிடம் நோட்டேஷன் இல்லாமல் வாசிப்பார்கள். அதில் சில வேளை கேட்பதற்கரிய இசை இருக்கும். பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். 2020-ல் தேவாலயங்கள் பூட்டப்பட்டபோது ஆராதனைகள் யூடியூபுக்கு வந்தன. பல சபைகள் அதை இன்னும் தொடர்கின்றன. ஆக, இந்த வாசிப்புகள் எல்லாம் பதிவாகி, எல்லோருக்கும் திறந்தபடி இருக்கின்றன. காணொளியின் கீழே பிரசங்கியாரின் பெயர் இருக்கும், வேதப்பகுதி இருக்கும், சபையின் வங்கிக் கணக்கு இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. சபையின் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்துவிடும் பெயர் அது. அந்தப் பெயரையும், காணிக்கை இசை எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதையும் கருத்துப் பகுதியில் ஒரு வரியாக எழுதிவைத்தால், அடுத்து வருபவர் அவரைத் தேடி வேறு எங்கே வாசிக்கிறார் என்று கேட்க முடியும்.